பற்றைவெளியில் வைத்த சோறு

வாழையிலைத் துண்டு ஒன்று. அதன்மேல் ஒரு பிடி சோறு, கொஞ்சம் பருப்பு, இரண்டு வாழைக்காய்ப் பொரியல், மேலே தூவிய எள்ளு. குனிந்து பார்த்தேன். சோற்றில் இன்னும் இளஞ்சூடு இருந்தது, நெய் மணந்தது.

யாருடைய வீட்டிலும் இல்லை இது. லண்டனின் தெற்கு ஓரத்தில், நான் தொண்டராக வேலை செய்யும் இயற்கைச் சரணாலயத்தின் நடுவில், ஹெதர் செடிப் பற்றைக்குப் பக்கத்தில் இருந்த மண்மேட்டில். சுற்றிவர எட்டுப் பத்துக் காகங்கள், என்னைக் கண்டதும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, நான் எப்போது போவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்குப் பின்னால் ஹெலன் வந்தாள். அவள்தான் அந்தச் சரணாலயத்தின் காப்பாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவள் அவள் ஒருத்திதான், மற்ற நாங்கள் எல்லோரும் சும்மா வருகிறவர்கள்.

"யாரோ பிக்னிக் வந்துவிட்டு எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்றாள்.

பிக்னிக்காவது மண்ணாவது. வாழையிலையை அளவாக வெட்டி, நுனியை இடப்பக்கம் வைத்து, எள்ளுத் தூவி வைத்துவிட்டுப் போகிறவன் எங்கட ஆளைத் தவிர இந்த ஊரில் வேறு யார்?

"பிக்னிக் இல்லை ஹெலன். இது செத்தவர்களுக்கு வைக்கிற சோறு. காகம் வந்து சாப்பிட்டால் அவர்கள் சாப்பிட்ட மாதிரி" என்றேன்.

அவள் காகங்களைப் பார்த்தாள். பிறகு கயிறு கட்டி மறித்திருந்த ஈரநிலத்துப் பக்கம் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. ஏன் என்று சொல்லவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மரம் வெட்டப் போன கதை

லண்டன் டூட்டிங்கில் நான் பல வருசத்துக்கு முன் தையற்கடையை மூடிய கதையைப் போன கிழமை இங்கே எழுதியிருந்தேன். கடை மூடிய பிறகு வீட்டில் இருந்தால் இவரோடு, என் கணவரோடு, சண்டைதான் பிடிக்கவேண்டும் என்று தெரிந்து, நடக்க வெளிக்கிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையில் நடப்பது எனக்கு ஜெர்மனியில் ஒட்டிய பழக்கம். லண்டனுக்கு வருமுன் பல வருசம் அங்கே இருந்தோம். மழை பெய்தாலும், பனி கொட்டினாலும் ஜெர்மன்காரர் ஞாயிற்றுக்கிழமை நடப்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "நடக்கப் போகிறோம்" என்பார்கள். முதலில் இந்தச் சனத்துக்கு விசரோ என்று நினைத்தேன். பிறகு எனக்கும் அந்த விசர் பிடித்துவிட்டது.

அப்படி நடக்கப் போய்த்தான் இந்த இடத்தைக் கண்டேன். பாதி இடம் பற்றைவெளி. முழங்கால் உயரத்துக்கு ஹெதர், ஆவணி புரட்டாதியில் ஊதாப் பூ. மற்றப் பாதி சதுப்பு. காலை வைத்தால் பாசி அமுங்கி, பூட்ஸின் விளிம்புவரை தண்ணீர் வரும். அதன் மேலால் ஒரு பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள்.

தொண்டர்கள் தேவை என்று போர்ட் கண்டு பெயர் கொடுத்தேன். முதல் நாள் என் கையில் மரம் அறுக்கிற வாள் ஒன்றைத் தந்து, "அந்த பேர்ச் கன்றுகளையெல்லாம் அறுத்துவிடுங்கள்" என்றாள் ஹெலன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரம் நடச் சொல்வார்கள் என்று பார்த்தால், நிற்கிற மரத்தை வெட்டச் சொல்கிறாளே! இதற்குப் பெயர் இயற்கைப் பாதுகாப்போ?

ஹெலன் பொறுமைசாலி. விட்டால் பேர்ச் மண்டிக் காடாகிவிடும், ஹெதர் செத்துப்போகும், சதுப்பில் இருக்கும் தண்ணீரையும் மரம் குடித்துவிடும் என்று சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். திறந்த ஈரநிலத்தில் தரையில் முட்டையிடும் பறவைகள் இருக்கின்றன; மரம் இருந்தால் காகம் அதில் ஏறியிருந்து கூடு எங்கே என்று வேவு பார்க்கும். அதனால் மரம் நிற்கும் இடத்தில் அந்தப் பறவைகள் இறங்கவே மாட்டா.

சரி என்று அறுக்கத் தொடங்கினேன். குளிர்காலம் முழுவதும் ஞாயிறு தோறும் அறுத்தோம். விரல் விறைக்கும், மூக்கு ஒழுகும், பிளாஸ்க்கில் கொண்டுபோன தேத்தண்ணி அரை மணித்தியாலத்தில் ஆறிவிடும். சேறு அப்பிய காற்சட்டையோடு வீட்டுக்கு வந்தால் இவர் கதவடியில் நின்று, "உள்ளை வராதை, அப்பிடியே நில், கார் கழுவுற பைப்பை எடுத்துக்கொண்டு வாறன்" என்பார்.

ஒரு குளிர்காலம் இல்லை, பல குளிர்காலம். அந்தப் பறவைகளில் ஒன்றுகூட வரவில்லை. இவருக்கு அது பெரிய பகிடி. "என்ன, உன்ர விருந்தாளியள் இன்னும் பிளைட் பிடிக்கேல்லையோ?"

விருந்தாளி வந்தது

இந்த வசந்தத்தில்தான் வந்தன. இரண்டு. தலையில் ஒரு கொண்டை, முதுகில் வெயில் பட்டால் பச்சை மினுக்கம். வானத்தில் குத்துக்கரணம் போட்டுக்கொண்டு கத்தின.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. ஆட்காட்டி! எங்கள் ஊர் வயலில் நிற்கிற ஆட்காட்டிக்கு மச்சாள் முறை. உடுப்பு வேறு, குரலும் கொஞ்சம் வேறு, ஆனால் ஆளைக் கண்டதும் ஊரைக் கூட்டுகிற குணம் அதேதான்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில், இடம்பெயர்ந்து போன நாளொன்றில், தலையில் பெட்டியோடு வயலுக்குள்ளால் நடந்தோம். சத்தம் போடாமல் வரச்சொல்லி முன்னால் போனவர்கள் கையைக் காட்டினார்கள். பிள்ளைகளின் வாயைக்கூடப் பொத்தியிருந்தோம். அப்போது ஒரு ஆட்காட்டி எழும்பி எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. "சனியன், இதுக்கு வாய் மூடத் தெரியாதோ" என்று அம்மா பல்லைக் கடித்தார். எனக்கு அந்தப் பறவைமேல் அன்று வந்த ஆத்திரம் வெகுகாலம் இருந்தது.

இங்கே வந்துதான், அது ஏன் கத்தும் என்று ஹெலன் சொல்லிக் கேட்டேன். முட்டை தரையில் கிடக்கும். மறைக்கக் கூடு இல்லை, மேலே ஒரு இலைகூட இல்லை. கத்திக் கலைப்பதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. அன்றைக்கு எங்களில் யாரோ அதன் முட்டையடிக்கு நடந்து போயிருப்போம், அவ்வளவுதான்.

எங்கள் சோடி ஈரநிலத்தின் நடுவில் முட்டையிட்டுக் குந்தியது. நாங்கள் கயிறு கட்டினோம். நாய்களைக் கட்டித்தான் கொண்டுவரவேண்டும் என்று வாசலில் போர்ட் வைத்தோம். அந்தப் போர்ட்டுக்குக் குழி தோண்டியது நான். முறை வைத்துக் காவல் இருந்தோம்.

அப்படிக் காவல் இருக்கும்போதுதான் அந்தச் சோறு. பேர்ச் மரம் எல்லாவற்றையும் அறுத்துக் காகத்துக்கு இருக்க இடம் இல்லாமல் செய்தோம். எங்கட ஆள் ஒருவர் இலை போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்.

தமிழில் ஒரு போர்ட்

"காகங்களுக்கு உணவிடவேண்டாம் என்று உங்கள் மொழியில் ஒரு அறிவிப்பு எழுதித் தருகிறாயா?" என்று ஹெலன் கேட்டாள்.

அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த வெளி முழுவதிலும் தமிழில் மட்டும் ஒரு போர்ட் நின்றால், தமிழ் வாசிக்கத் தெரியாத ஆட்களுக்கும் விளங்கும், யார் குழப்படி செய்தது என்று.

"போர்ட் வேண்டாம். ஆளை நான் பிடிக்கிறேன்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் பஸ் நிறுத்தத்துப் பக்கத்து வாசலில், பிளாஸ்க்கோடு போய் இருந்தேன். அதிகம் காத்திருக்கவில்லை. பஸ்ஸால் ஒருவர் இறங்கினார். எழுபத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, தலையில் கம்பளித் தொப்பி, கையில் துணிப்பை. பையின் விளிம்பில் வாழையிலை எட்டிப் பார்த்தது.

"அண்ணை, நில்லுங்கோ" என்றேன்.

நின்று என்னை உற்றுப் பார்த்தார். நான் வாயைத் திறக்க முதல் அவர் முந்திவிட்டார்.

"நீர் டூட்டிங்கிலை தையற்கடை வைச்சிருந்த பிள்ளை எல்லே? என்ர மனுசி உம்மட்டைத்தான் சட்டை தைக்கிறவ. யோகம். யோகேஸ்வரி."

அந்தக் கடைக்கு வந்த யோகேஸ்வரிகளுக்குக் கணக்கில்லை. முகம் வரவில்லை. சும்மா தலையாட்டினேன். அவர் விடவில்லை.

"இடது தோள் கொஞ்சம் பதிஞ்சிருக்கும். அதுக்கெண்டு நீர் உள்ளுக்கு ஏதோ வைச்சுத் தைப்பீர். போட்டால் தெரியாது எண்டு சந்தோசப்படுவா."

முகம் மறக்கும். தோள் மறக்காது. சட்டென்று நினைவு வந்துவிட்டது. மெல்லிய உடம்பு, அளவெடுக்கும்போது கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருப்பார். "யோகம் அக்காவோ!" என்றேன். "எப்ப அண்ணை?"

"போன வருசம். திவசமும் முடிஞ்சுது."

அவர் பெயர் சிவஞானம். தனியாக ஒரு கவுன்சில் பிளாட்டில் இருக்கிறார். சமைக்கத் தெரியாத மனிதர், அக்கா போன பிறகு தொலைபேசியில் மகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார். தினமும் சமைத்து, முதல் பிடியைக் காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு.

"பிளாட் பல்கனியிலை வைச்சனான். எலி வரும் எண்டு கடிதம் போட்டுட்டாங்கள். பார்க்கிலை வைச்சால் நாயள் ஓடி வந்து நக்கிப்போடும். இஞ்சை நாயைக் கட்டித்தான் கொண்டு வரவேணும் எண்டு ஆரோ நல்ல மனுசர் போர்ட் வைச்சிருக்கினம். அதாலை இதுதான் நல்ல இடம் எண்டு கண்டன்."

அந்த நல்ல மனுசி நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஐயர் வருசத்துக்கு ஒருக்கா வைச்சால் போதும், காணும் எண்டு சொன்னவர். அவருக்குக் காணும். எனக்குக் காணாது பிள்ளை."

நான் ஆட்காட்டியின் கதையைச் சொன்னேன். முட்டை, காகம், கயிறு, எங்கள் குளிர்காலம் எல்லாம் சொன்னேன். ஆறுதலாக, இடையில் வெட்டாமல் கேட்டார்.

"நான் சோறுதானே வைக்கிறன். முட்டை தின்னச் சொல்லேல்லையே."

"சோத்துக்கு வந்த காகம் சோத்தோட திரும்பிப் போகுமோ அண்ணை? சுத்தவரப் பாக்காதோ?"

"மற்றக் காகங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனா ஒண்டு வருது. செட்டையிலை வெள்ளை இறகு இருக்கு. நான் கா கா எண்டு கூப்பிட்டால் அதுதான் முதல் வரும். வந்து சோத்தைத் தொடாது, வாழைக்காய்ப் பொரியலைத்தான் எடுக்கும்." பையை மற்றக் கைக்கு மாற்றினார். "யோகமும் அப்பிடித்தான். சோறு போட முதலே பொரியலை எடுத்து வாயிலை போடுவா."

நகரத்துக் காகங்களில் சிலவற்றுக்கு இறகு வெளுத்துப் போவது உண்டு, புதினம் ஒன்றும் இல்லை என்று ஹெலன் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதை அந்த வாசலில் நின்று அந்த மனிதரிடம் சொல்ல என்னால் ஏலவில்லை.

அவர் போய்ச் சோற்றை வைத்தார். "கா… கா…" என்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள். வெள்ளை இறகுக்காரி வந்தது, பொரியலை எடுத்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்ட ஆள் வந்து இருந்துவிட்ட நிம்மதி.

வீட்டில் வழக்கு

இவரிடம் சொன்னேன். பகிடி விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.

"அந்த மனுசனை விடு" என்றார். "குருவிக்கு வக்காலத்து வாங்கப் போய், பெண்சாதி செத்தவன்ர வயித்தெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதை."

"அப்ப முட்டை?"

"முட்டை அடுத்த வருசமும் இடும்."

"இடாது. இந்த வருசம் பறிகுடுத்தால் திரும்பி வராது எண்டு ஹெலன் சொல்லுறாள். எத்தினை வருசம் அந்தச் சேத்துக்கை நிண்டனான் எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவர் டிவியைப் போட்டார். எந்தப் பக்கம் நின்றாலும் மற்றப் பக்கம் பாவமாக இருந்தது. இரண்டு பேரும் தங்கள் வீட்டு ஆளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள், அந்தப் பறவையும் சிவஞானம் அண்ணையும். நடுவில் நான் போய் நிற்கிறேன், பெரிய நாட்டாமை!

பலகைக் குடில்

திரும்பவும் வாசலில் நின்றேன். சிவஞானம் அண்ணை என்னைக் கண்டதும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பறிக்க வரேல்லை அண்ணை. நீங்கள் வழக்கம்போல வையுங்கோ. ஆனா வைச்ச உடனை பஸ்ஸுக்கு ஓடாமல் என்னோட கொஞ்ச நேரம் வந்து இருங்கோ. பாத்த பிறகும் வைக்கத்தான் வேணும் எண்டா, நான் இனி வாய் திறக்கமாட்டன்."

"சத்தியமா?"

"ஓம், சத்தியமா."

சோற்றை வைத்தார், கூப்பிட்டார், வெள்ளை இறகுக்காரி வந்தது, பொரியலை எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் பலகைப் பாதையால் நடந்து, பறவை பார்க்கக் கட்டியிருந்த சின்னக் குடிலுக்குள் போய் இருந்தோம். பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டி, எப்படித் திருகுவது என்று காட்டினேன். தாய்ப் பறவை முட்டைமேல் இருப்பதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஓமோம், கொண்டையைக் கண்டிட்டன்" என்றார். குரலில் ஒரு சிறு சந்தோசம்.

இலை காலியானது. காகங்கள் போகவில்லை. ஒவ்வொன்றாக, தத்தித் தத்தி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கின. ஆண் ஆட்காட்டி எழும்பிக் கத்தியபடி பாய்ந்து கொத்தியது. தாயும் எழும்பியது. இரண்டும் சேர்ந்து காகங்களைக் கரைவரை துரத்திக்கொண்டு போயின.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காகம் கிட்டப் போவதை அவர் காணவேண்டும் என்றுதான் கூட்டிவந்தேன். ஆட்காட்டிகள் துரத்திவிடும், அவருக்கும் விளங்கிவிடும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் துரத்திக்கொண்டு போனபின், ஒரு காகம் மட்டும் பின்பக்கத்தால் நடந்து வரும் என்று நினைக்கவில்லை.

செட்டையில் வெள்ளை இறகு.

அது அவசரப்படவில்லை. குனிந்தது, முட்டையைச் சொண்டில் கவ்வியது, நாலடி தள்ளிக் கொண்டுபோய் வைத்து உடைத்துக் குடித்தது. தாய் திரும்பி வந்து பாய்ந்த பிறகுதான் பறந்தது.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. எங்கள் முட்டை போய்விட்டதே என்று முதலில் வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்ததும் அது வேறு அழுகையாகிவிட்டது.

சிவஞானம் அண்ணை பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. தாய் மறுபடி வந்து மிச்ச முட்டைகள்மேல் குந்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மிச்சத்தில் குஞ்சுகள் பொரித்தன, இப்போது சதுப்பில் ஓடித் திரிகின்றன. ஆனால் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

"அது அவ இல்லை" என்றார்.

"அண்ணை…"

"யோகம் பச்சைச் சைவம். பேரப்பிள்ளையின்ர பிறந்தநாளுக்குக் கேக் நீட்டினாலும், முட்டை போட்டதோ எண்டு கேட்டிட்டுத்தான் வாயைத் திறப்பா. முட்டையைக் கையாலையும் தொடமாட்டா. அது அவ இல்லை."

"இவ்வளவு நாளும் நான் ஏதோ ஒரு காகத்துக்குத்தான் சமைச்சிருக்கிறன்" என்றார் பிறகு. பைனாகுலரைக் கழற்றி மடியில் வைத்தார். "இனி நான் ஆருக்குப் பிள்ளை வைக்கிறது?"

நான் நினைத்தது நடந்துவிட்டது. இனி அவர் அந்த மேட்டில் சோறு வைக்கமாட்டார். அந்த நேரத்தில் ஹெலன் வந்து, நல்ல வேலை செய்தாய் என்று சொல்லியிருந்தால், அவளைப் பிடித்துச் சேற்றுக்குள் தள்ளியிருப்பேன்.

பையிலிருந்து தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். சோறு, பருப்பு, ஒரு பக்கமாக வாழைக்காய்ப் பொரியல். பார்த்தபடி இருந்தார், கை வைக்கவில்லை. முதல் பிடியை யாருக்காவது கொடுக்காமல் சாப்பிட அவருக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தாங்கோ அண்ணை" என்று கையை நீட்டினேன். "காலமை தேத்தண்ணியோட வந்தனான். பசிக்குது."

கொஞ்சம் யோசித்தார். பிறகு பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் சோற்றை விட்டுவிட்டு ஒரு பொரியலை எடுத்து வாயில் போட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் கூடிப்போச்சு அண்ணை" என்றேன். எனக்கு எதையும் மறைத்துப் பேசத் தெரியாது.

"அப்பிடியோ?" என்றார். தானும் ஒன்றை எடுத்துக் கடித்து மெதுவாக மென்றார். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு நாளும் அந்தக் காகம் ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை."